என் முகம் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது

1. ரெபரன்ஸ் இல்லாதவன்

கடலூரில் ஒரு கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சேல்ஸ் மேனேஜர் பாலகுரு என்னிடம் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"உங்க சொந்தத்துல யார் யார்ட்ட கார் இருக்கு?" என்றார்.

"யார்ட்டயும் இல்ல சார்."

"மாமா, மச்சான், பங்காளி? ஒருத்தர்கூடவா இல்ல?"

"ஒரு மாமா ஆட்டோ வெச்சிருக்காரு சார்."

பக்கத்தில் நின்ற சேல்ஸ் எக்சிகியூட்டிவ்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கேலிக்காகக் கேட்கவில்லை என்பது போகப்போகத்தான் புரிந்தது. எங்கள் பக்கம் கார் வியாபாரம் ரெபரன்ஸில் ஓடுகிறது. ஒருவர் கார் எடுத்தால் அவருடைய சம்பந்தி, கூட வேலை பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அடுத்தடுத்து வருவார்கள். என்னோடு சேர்ந்த ஒரு பையனின் அப்பாவுக்குக் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில். இன்னொருவனின் அக்கா வீட்டுக்காரர் சிதம்பரத்தில் டாக்டர். என் அப்பா சிப்காட்டில் கான்ட்ராக்ட் ஆள். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஷோரூமுக்குள் வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த எக்சிகியூட்டிவைத்தான் கேட்பார்கள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.

என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால், தெரியாதவர்களுக்கு என்னைத் தெரியவைக்க வேண்டும். அப்படித்தான் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன்.

2. நேரா சொல்றேன்

பக்கத்துக்கு அதுதான் பெயர். மற்ற எக்சிகியூட்டிவ்கள் போடும் ரீல்ஸில் பாட்டு ஓடும், பெரிய அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் நிற்கும், டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கும். நான் அதைச் செய்யவில்லை. டெஸ்ட் டிரைவ் வண்டியை வீராணம் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, அந்த வண்டியில் என்ன குறை என்று முதலில் சொன்னேன்.

"பின்சீட்டுல மூணு பேரு தாராளமா உட்காரலாம்னு போட்டிருக்கான். எங்க அப்பா, அம்மா, அத்தை மூணு பேரையும் உட்கார வெச்சி பார்த்தேன். வடலூர் தாண்டுறதுக்குள்ள அத்தை எறங்கி பஸ்ஸு ஏறிட்டாங்க. மூணு பேரா போறவங்க இத எடுக்காதீங்க. ரெண்டு பேருன்னா எடுங்க, ராசா வண்டி."

ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும், "நேரா சொல்றேன், நம்பி வாங்க" என்று சொல்வேன்.

பாலகுரு சார் முதலில் கத்தினார். "சம்பளம் குடுக்குற கம்பெனி வண்டியவே கொற சொல்றியா?" பிறகு, அந்த வண்டியையே கேட்டு ஆள் வரத் தொடங்கியதும், "இவன் திட்டுறான், அதையே தேடி வரானுவோ. ஜனங்கள புரிஞ்சிக்கவே முடியல" என்றார். ஷோரூம் வாசலில், "வீடியோல வருமே அந்தத் தம்பி, அவரு இல்லையா?" என்று கேட்கிற குரலை நான் முதன்முதலாகக் கேட்ட நாளில், பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். என் சொந்த போனில் கேமரா கண்ணாடி உடைந்திருந்தது. கம்பெனி கொடுத்த போனில்தான் வீடியோ எடுத்தேன். கம்பெனி கொடுத்த சிம் நம்பரில்தான் பக்கத்தைத் திறந்தேன். கஸ்டமர் கூப்பிடும் நம்பரும் பக்கத்தின் நம்பரும் ஒன்றாக இருந்தால் வசதி என்று நினைத்தேன். எக்சிகியூட்டிவ்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

3. தண்ணி ஏறின வண்டி

கார்த்திகையில் விடாமல் மழை. கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்து, புது வண்டிகளை நிறுத்திவைக்கும் எங்கள் ஸ்டாக்யார்டு இருந்த தாழ்வான இடத்துக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். சில வண்டிகளில் டேஷ்போர்டு வரை சேறு. அவை இன்சூரன்ஸுக்குப் போயின. வேறு சில வண்டிகளில் சீட்டு மட்டத்தோடு தண்ணீர் நின்றிருந்தது. அவற்றைச் சர்வீஸ் பக்கம் கொண்டுபோய், சீட்டைக் கழற்றி, கழுவி, காயவைத்து, வாசனை ஸ்ப்ரே அடித்தார்கள்.

பொங்கலுக்கு முன்னால் பாலகுரு சார் என்னை அந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஸ்டாக் கிளியரன்ஸ் ஆஃபர்னு ஒரு வீடியோ போட்டுடு. வேற யாரு சொன்னாலும் எடுக்கமாட்டானுவோ. நீ சொன்னா எடுப்பானுவோ."

நான் ஒரு வண்டியின் கதவைத் திறந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். மேல்பாதி புதுத் துணியாக இருந்தது, கீழ்ப்பாதியில் மண் கறை. கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினால் ஆற்று வண்டல். ஏர்பேக் யூனிட், வயரிங் எல்லாம் சீட்டுக்கு அடியில்தான் போகிறது. அது இன்றைக்கு வேலை செய்யும். என்றைக்கு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"தண்ணி ஏறின வண்டின்னு சொல்லியே விக்கலாம் சார். வெலையக் கொறச்சிக்கலாம்."

"சொல்லி வித்தா எவன்டா வாங்குவான்?"

"சொல்லாம என்னால முடியாது சார்."

அவர் கோபப்படவில்லை. என் தோளில் கை வைத்தார். "தம்பி, நல்லவனா இருக்குறது தப்பில்ல. ஆனா இங்க எல்லாரும் வேலைக்கு வந்திருக்கோம்."

அன்று மாலையே மெயிலில் ராஜினாமா அனுப்பினேன். போனையும் சிம்மையும் கேட்டார்கள், கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கம் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். மறுநாள் ஷோரூமுக்குப் போய்க் கேட்டேன்.

"எது உன் பேஜு?" என்றார் பாலகுரு சார். "கம்பெனி போன், கம்பெனி சிம்மு, கம்பெனி வண்டி. உன் மூஞ்சி மட்டும்தான் உன்னுது. அத நீ எடுத்துட்டு போய்க்க."

ஆனால் அதை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. சில நாளில் அந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ வந்தது. ஆஃபர் விவரம் எழுத்தில் ஓடியது, கழுவிய வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசியில் என் பழைய வீடியோ ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டிய நான். சிரித்துக்கொண்டு, "நேரா சொல்றேன், நம்பி வாங்க."

அதன் கீழே, "நான் இப்போது இங்கே வேலை செய்யவில்லை, இந்த வண்டிகள் வெள்ளத்தில் நின்றவை" என்று கமென்ட் போட்டேன். அழித்தார்கள், என்னை பிளாக் செய்தார்கள். இன்ஸ்டாகிராமுக்குப் புகார் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று மிஷின் பதில் வந்தது, அவ்வளவுதான். புதிதாக ஒரு பக்கம் திறந்து நடந்ததைச் சொன்னேன். எங்கள் தெருப் பையன்களும் அத்தை மகளும் பார்த்தார்கள்.

4. ஏரிக்கரை

சுந்தரமூர்த்தி அண்ணன் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். ரைஸ் மில்லில் லோடு வண்டி ஓட்டியவர். சொந்தமாக ஒரு டாக்சி வைத்துச் சிதம்பரம் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றலாம் என்று, அந்த வீடியோவைப் பார்த்து ஒரு வண்டி எடுத்தார். சித்திரையில், மனைவி செல்வியை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு வீராணம் ஏரிக்கரையில் வரும்போது ஸ்டியரிங் இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டி புளியமரத்தில் மோதியது. ஏர்பேக் திறக்கவில்லை. செல்வி அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. சிதம்பரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. சுந்தரமூர்த்தி அண்ணன் கொடுத்த மோசடிப் புகாரில் முதல் பெயர் என்னுடையது. அவருக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

5. ஸ்டேஷன்

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. மேஜைக்கு ஒரு பக்கம் சுந்தரமூர்த்தி அண்ணன், இன்னொரு பக்கம் ஷோரூம் சார்பில் பாலகுரு சார். என் அப்பா ஷிப்டை விட்டுவிட்டு வந்து, உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். கேஸ் பதிவானால் எனக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

சப்-இன்ஸ்பெக்டர் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டார்.

"இது யாருப்பா?"

"நான்தான் மேடம்."

"நம்பி வாங்கன்னு சொல்றது?"

"நான்தான். ஆனா இந்த வண்டிக்கி சொல்லல."

"வேற எந்த வண்டிக்கி சொன்ன? இங்க இந்த வண்டிதான ஓடுது."

சுந்தரமூர்த்தி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "யோவ், உன்ன டெய்லி பார்ப்போம்யா வூட்டுல. டீவிகூட போடமாட்டோம். உனக்கு என்னாய்யா பாவம் பண்ணோம்?"

பாலகுரு சார் பணிவாகப் பேசினார். "மேடம், இது அவரோட பர்சனல் பேஜு. அவரு எங்க ஸ்டாஃபே கெடயாது, வேலைய விட்டு நின்னுட்டாரு. வெளிய இருந்துட்டு இவரு என்னா போட்டாருன்னு கம்பெனிக்கு எப்புடி தெரியும்?"

கம்பெனி சொத்து என்று என்னிடம் பிடுங்கிய பக்கம், புகார் வந்ததும் என்னுடையதாகிவிட்டது. நான் ராஜினாமா மெயிலைக் காட்டினேன். வீடியோ அதற்குப் பிறகு போட்டது என்று தேதியைக் காட்டினேன்.

"வேலைய விட்டப்புறமும் உன் பேஜுல நீ போட்டிருக்கலாமே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"என்னால அத தொறக்க முடியாது மேடம். அது கம்பெனி நம்பர்ல இருக்கு. தொறக்க பார்த்தா ஓடிபி அங்கதான் போவும்."

"எங்க, தொறந்து காட்டு."

என் போனில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பதை அழுத்தினேன். நம்பரின் கடைசி இரண்டு எண்களைக் காட்டி, அதற்கு ஓடிபி அனுப்பியதாக இன்ஸ்டாகிராம் சொன்னது.

"அந்த நம்பரு இப்ப யார்ட்ட இருக்கு?"

"தெரியல மேடம்" என்றார் பாலகுரு சார். "சிம்மு எங்கயாவது டிராயர்ல கெடக்கும்."

கஸ்டமர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டு வாங்கி, ஸ்டேஷன் போனிலிருந்து அழுத்தினார். பாலகுரு சார் மடியில் வைத்திருந்த பைக்குள் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"எடுத்து மேல வைய்யி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அந்த போனில் ஓடிபி வந்திருந்தது.

புகாரிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். எனக்கு அதோடு முடிந்தது. சுந்தரமூர்த்தி அண்ணனுக்கு எதுவும் முடியவில்லை. வண்டியில் வெள்ளம் ஏறியதற்கு அத்தாட்சி இல்லை, டெலிவரிக்கு முன் செக் செய்த பேப்பர் சரியாக இருக்கிறது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகட்டும் என்று ஷோரூம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் நடக்கிறது. அதைக் கேள்விப்பட்டதும், என்னை எடுப்பதாக இருந்த இன்னொரு ஷோரூம்காரர், "நல்ல பையன்தான்ப்பா நீ. ஆனா நாளைக்கு எங்கள பத்தியும் எழுதுவ" என்று சொல்லிவிட்டார். இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் வேலையில் இருக்கிறேன்.

6. எதை நம்புவது

ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது செல்வி அக்கா கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியில் கட்டிக்கொண்டு மரநிழலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, பழக்கதோஷத்தில் லேசாகச் சிரித்துவிட்டார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"தம்பி மேல தப்பு இல்லியாம்" என்றார் சுந்தரமூர்த்தி அண்ணன்.

"இவருக்கு வேற வண்டி வாங்கத்தான் ஆசை" என்றார் அக்கா. "நான்தான், அந்தத் தம்பி பொய் சொல்லாது, இத எடுன்னேன்." பிறகு, "நீ சொல்லல, புரியுது. ஆனா எங்கிட்ட நீதான சொன்ன" என்றார்.

வாசலில் நின்ற அப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கார் விற்கிற வேலைக்கு வந்து, வீடியோ போடலாம் என்று நினைக்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்தைச் சொந்த சிம்மில், சொந்த மெயிலில் திறங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் எந்த வண்டி, என்றைக்கு, எந்த ஷோரூமில் இருந்து பேசுகிறீர்கள் என்பதை வாயால் சொல்லுங்கள். எந்த வண்டிக்கும் ஒட்டவைக்கிற மாதிரி பொதுவாக "நம்பி வாங்க" என்று சொல்லாதீர்கள். நான் சொன்ன அந்தச் சொல்லைத்தான் வெட்டி எடுத்தார்கள். மற்றபடி நான் பேசிய குறைகள் எதையும் அவர்களால் பயன்படுத்த முடியவில்லை.

போலீஸ் விஷயத்துக்குப் பிறகு அந்த ஆஃபர் வீடியோவை நீக்கினார்கள். மற்றவை அப்படியே இருக்கின்றன. புதுப் பக்கத்தில் என் சொந்த நம்பரைப் போட்டு, வண்டி எடுக்குமுன் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். போன மாதம் புவனகிரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பழைய பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டுப் புக்கிங் போட்டிருந்தார். பிறகு யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அங்க எடுக்காதீங்கண்ணே" என்றேன். "எடுத்துதான் ஆவணும்னா, கார்ப்பெட்ட தூக்கி பாருங்க, சீட் பெல்ட்ட முழுசா இழுத்து பாருங்க."

"என்னாங்க தம்பி இது. வீடியோல சிரிச்சிக்கிட்டே வாங்கன்றீங்க. போன்ல வேணாம்ன்றீங்க. நான் எத நம்புறது?"

"போன்ல சொல்றத நம்புங்கண்ணே. இதுதான் நான்."

"அதுவும் நீங்கதானங்க" என்றார். "சரி, வூட்டுல கேட்டுட்டு பாக்குறேன்."

வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வண்டியை எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.