கணக்குப் பாட நேரத்தில் கிணற்றடியில்

தொண்ணூற்றேழாம் ஆண்டு. முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்து, விசுவமடுவில் ஒரு காணிக்குள் கொட்டில் போட்டு இருந்த காலம். கடலில் தொழில் செய்த என் கணவர் சைக்கிளில் இரணைமடுவுக்குப் போய் குளத்து மீன் பிடித்து விற்றார். மூத்த மகள் அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு.

பள்ளியில் கணிதத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான். அதனால் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். கணக்கில் நல்ல புள்ளி எடுப்பவர்கள் 'ஏ' பிரிவு, அவர்களுக்கு அந்த ஆசிரியர். மற்றவர்கள் 'பி' பிரிவு, அவர்களுக்கு யாருமில்லை. யாருமில்லாமல் கணக்குப் படித்து, பதினோராம் வகுப்பில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் எப்படிச் சித்தியடைவது? என் மகள் கடற்கரையில் இருந்தபோது கணக்கில் கெட்டிக்காரி. இங்கே வந்து ஒரு வருடத்தில் அவளுடைய புள்ளி பாதியாகியிருந்தது. இடம்பெயர்ந்த கவலைதான் பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் கல்வியியல் படிக்கும் ஓர் இளைஞர் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். மாணவர்களின் படிப்புக்கும் குடும்பப் பின்னணிக்கும் உள்ள தொடர்பை ஆய்வு செய்கிறாராம். நல்ல பண்பான பிள்ளை. பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டில பிள்ளைக்குப் படிக்க மேசை, கதிரை இருக்கோ அம்மா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இருந்தது தம்பி. இப்ப அந்த வீடே இருக்கோ எண்டு தெரியாது" என்றேன். அவர் "இல்லை" என்று எழுதிக்கொண்டார். நீங்கள் எதுவரை படித்தீர்கள், வீட்டில் பத்திரிகை வாங்குகிறீர்களா, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று இன்னும் நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நல்ல நோக்கத்தோடுதான் வந்திருக்கிறார் என்று நம்பினேன்.

எனக்கு வேறொரு தலைவலி இருந்தது. மகளின் வெள்ளைச் சட்டைக் கரை தினமும் நனைந்து, செம்மண் பிடித்து வரும். சவர்க்காரம் யானை விலை விற்ற காலம். பனம்பழத்தைப் போட்டுத்தான் உடுப்புத் தோய்த்தோம். அதில் செம்மண் கறை எங்கே போகிறது! ஏசினால் அவள் வாயே திறக்க மாட்டாள். ஒருநாள், இவள் எங்கேதான் போய் விளையாடுகிறாள் என்று பார்ப்போமே என்று இடைவேளைக்குச் சற்று முன்பாகவே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

கிணற்றடியில் என் மகள் துலாவை இழுத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கூட நாலைந்து பெண் பிள்ளைகள் வாளியோடு நின்றார்கள். எல்லோரும் எங்கள் கடற்கரையிலிருந்து வந்த பிள்ளைகள்.

"என்ன பாடமடி இப்ப?" என்றேன்.

"கணக்கு" என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் பள்ளிக்கூடத்து நீர் இறைக்கும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. ஆசிரியர்களின் தேத்தண்ணீருக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் இடைவேளைக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டும். இடைவேளைக்கு முந்திய பாடம் கணக்கு. ஒரு வருடமாக அந்தப் பாடம் முழுக்க இந்தப் பிள்ளைகள் கிணற்றடியில்தான் நின்றிருக்கிறார்கள்.

நேரே வகுப்பாசிரியையிடம் போனேன். அவா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அதுகள் கடற்கரைப் பிள்ளையள்தானே, வேலை செய்து பழகின உடம்பு. மற்றப் பிள்ளையளுக்குத் துலா இழுக்க வராது."

அந்த 'அதுகள்' என்ற சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. அன்று மாலை கணவரிடம் சொல்லிக் குமுறினேன். "வந்த இடத்தில இருக்கிறம், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்றார். இருந்தேன், அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம் வரும்வரை.

கூட்டத்துக்கு அந்த ஆய்வு செய்த இளைஞரும் வந்திருந்தார். பள்ளிக்கூடத்து அதிபர் அழைக்க, எழுந்து தன் முடிவுகளைச் சொன்னார். உள்ளூர் விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் கணிதத்தில் நன்றாகச் செய்கிறார்களாம். மீனவக் குடும்பங்களில் கற்கும் சூழல் இல்லையாம், பெற்றோருக்கு அக்கறை போதாதாம், அதனால் அந்தப் பிள்ளைகள் பின்தங்கி நிற்கிறார்களாம். அதிபர் தலையை ஆட்டினார். அப்படியான பிள்ளைகளை 'பி' பிரிவில் போடுவதுதான் அவர்களுக்கும் நல்லது என்றார்.

எப்படி எழுந்தேன் என்றே தெரியாது.

"தம்பி, கணக்குப் பாட நேரத்தில வகுப்புக்குள்ள போய்ப் பாத்தனீங்களோ?"

"அது என்ர ஆய்வில இல்லை அம்மா. நான் வீட்டுப் பின்னணியை மட்டும்தான் பாக்கிறன்."

"என்ர வீட்டில மேசை இருக்கோ எண்டு கேட்டியள். பள்ளிக்கூடத்தில கிடக்கிற மேசையில என்ர பிள்ளையை இருக்க விடுகினமோ எண்டு ஏன் கேக்கேல்லை? கணக்கு நடக்கேக்க அவள் கிணத்தடியில தண்ணி அள்ளுறாள். உங்கட தேத்தண்ணிக்கும் கக்கூசுக்கும் அள்ளிப்போட்டு, மக்கு எண்ட பேரும் அவளுக்கோ?"

"இருங்கோ அம்மா, பிறகு கதைப்பம்" என்றார் அதிபர். நான் இருக்கவில்லை. பின்னால் எங்கள் கரைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல், இனி எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துத் தண்ணீர் அள்ளட்டும் என்று அதிபர் சொன்னார். பிரிவு பிரிப்பதையும் அடுத்த தவணைப் பரீட்சைவரை தள்ளிவைத்தார்.

இனிச் சொல்லப்போவதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அந்த முறை ஒரு கிழமைகூட நடக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் அதிபரின் அறை வாசலில் வந்து நின்றார்கள். "எங்கட பிள்ளையள் படிக்க வந்ததுகளோ, தண்ணி அள்ள வந்ததுகளோ?" என்று ஒருவர் சத்தம் போட்டது றோட்டுவரை கேட்டது. நியாயமான கேள்வி. ஒரு வருடமாக ஏன் அது ஒருவருக்கும் தோன்றவில்லை? உடனே வழி பிறந்தது. பெற்றோர் முறை வைத்து, பள்ளிக்கூடம் தொடங்கமுன் வந்து தொட்டியை நிரப்பினார்கள். என் கணவரும் எங்கள் முறைக்குப் போய் இறைத்தார். சிறிய வேலைதான். எங்கள் பிள்ளைகள் அள்ளியவரை அந்த வழி யாருடைய கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

என் மகள் அந்தத் தவணை முழுக்க வகுப்பில் இருந்தாள். விட்ட பாடத்தையெல்லாம் பிடித்துவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். அழுது அழுது படித்து, மயிரிழையில் 'ஏ' பிரிவுக்குப் போனாள். அவளோடு துலா இழுத்த இன்னொரு பிள்ளை, ஒன்றும் விளங்கவில்லை என்று கூட்டத்துக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவே இல்லை. அந்த ஆய்வில் அவளும் பெற்றோரின் அக்கறையின்மைக்கு ஓர் உதாரணமாகத்தான் இருந்திருப்பாள். அந்த இளைஞர் தன் முடிவை மாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. மாற்றியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனை காலத்துக்குப் பிறகும், "அந்தப் பிள்ளைகளின் பின்னணி அப்படி" என்று படித்தவர் யாராவது சொல்லக் கேட்டால், பாடம் நடந்தபோது அந்தப் பிள்ளைகளை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.