கிள்ளான் போக அரைக்கட்டிச் சவுக்காரம்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு இருபது மைல். நல்ல காலத்தில் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1943-இல், மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்தச் சாலையைப் பார்க்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். போய்ப் பாருங்கள் என்று சொல்ல வரவில்லை.

காலை எட்டரை. தோக்கியோ நேரம். ஜப்பான்காரர்கள் படையோடு வந்து நாட்டைப் பிடித்தவுடன் எங்கள் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். சூரியன் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. எட்டரைக்கும் வாசலில் பனி ஈரம் காயாமல் இருந்தது. நான் மருத்துவச்சி. ராத்திரி முழுக்க செந்தூலில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வீட்டுக்குள் காலை வைக்கிறேன், கிள்ளானிலிருந்து ஆள் வந்து நிற்கிறான். என் தங்கை சரசுவுக்கு நேற்று அந்தியிலேயே வலி கண்டுவிட்டதாம்.

சரசுவுக்கு இது இரண்டாவது. முதல் பிரசவத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. யாரோ ஒருத்தி கை கழுவாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு, பிழைத்தது பெரும்பாடு. குழந்தை தங்கவில்லை. அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய் எட்டு மாதம். உயிரோடு இருக்கிறானா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. அவளுக்கு நான் ஒருத்திதான்.

ரயிலுக்குப் பாஸ் எடுக்க இரண்டு நாள் ஆகும். தெருமுனை ஜவுளிக்கடை ராவுத்தரின் பழைய கார் அன்று துணி மூட்டையோடு கிள்ளானுக்குப் போவதாக இருந்தது. ஓட்டுபவன் மீரான், கீழக்கரைப் பையன் என்பார்கள், முப்பது வயசு இருக்கும். முன்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டான். மடியில் என் பை. பைக்குள் கத்தரிக்கோல், நூல், வயிற்றில் வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் மரக்குழல், கிருமி போகக் கை கழுவும் அரைக்கட்டிக் கார்பாலிக் சவுக்காரம். அந்த அரைக்கட்டிக்கு ஒரு பட்டுச்சேலையைக் கொடுத்திருந்தேன். ஊரில் எல்லோரும் சாம்பலில் கை கழுவிக்கொண்டிருந்த காலம்.

சாவியைத் திருப்பியதும் முன்பக்கத்திலிருந்து 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம்.

"என்னப்பா அது?"

"பெட்ரோல் பம்பு, மிஸ்ஸி. கரண்டுல அடிக்கிற பம்பு. நாலு அடி அடிச்சு, எண்ணெய் நிறைஞ்சதும் நின்னுக்கும்." நர்ஸ், மருத்துவச்சி எல்லோரையும் இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அது நிற்கவில்லை. நாலு அடி நாற்பதாயிற்று.

நான்காம் மைல் கல்லில் கார் இருமிக்கொண்டு நின்றது. மீரான் இறங்கி மூடியைத் தூக்கி, பம்பின் தலையில் ஸ்பேனரால் இரண்டு போடு போட்டான். கார் கிளம்பிவிட்டது. "எங்க பம்புக்கு அடிச்சாத்தான் புத்தி வரும் லா" என்று எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கில் ஒரு 'லா' போட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கத்தில் கண் சொக்கியது. தூங்கினால் சரசு கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

ஏழாம் மைலில் மறுபடி நின்றது. மணி பத்து. பெத்தாலிங் தாண்டி இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். பம்பு முன்னைவிட வேகமாக அடித்தது. மீரான் ஸ்பேனரை ஓங்கினான்.

"அடிக்காதே" என்றேன். "எதுக்கு இப்படித் துடிக்குதுன்னு பாரு முதல்ல."

"பம்பு பலமா ஓடுது, மிஸ்ஸி. கார்புரேட்டர்லதான் ஏதோ அடைப்பு."

எனக்குக் கார் தெரியாது. துடிப்பு தெரியும். வயிற்றுக்குள் குழந்தைக்கு மூச்சு முட்டினால் நெஞ்சு இப்படித்தான் ஓடும். பார்க்க வந்தவர்கள் பலமான பிள்ளை என்று சந்தோஷப்படுவார்கள். பையிலிருந்து மரக்குழலை எடுத்து பம்பின் மேல் வைத்துக் காதைக் கொடுத்தேன். மீரான் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். உள்ளே அடி மட்டும் இருந்தது, எண்ணெய் ஓடுகிற சத்தமே இல்லை. குழலை மெல்லப் பின்னால் நகர்த்தி, பெட்ரோல் வரும் குழாயோடு போனேன். கடைசியில் சேலையை இடுக்கிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். டாங்கிக்குப் பக்கத்தில் குழாய் சேரும் இடத்தில் 'சுர்ர்' என்று காற்று இழுத்தது.

"இங்க காத்தைக் குடிக்குது உன் பம்பு. எண்ணெய் வரல."

மீரான் தடவிப் பார்த்தான். விரலில் கறுப்பாகப் பிசின் ஒட்டியது. "போன வாரம் பட்டறையில ரப்பர் வச்சுக் கட்டினாங்க" என்றான். எங்கள் ஊர்ப் புத்தி அது. வாளி ஓட்டையா ரப்பர், செருப்பு பிய்ந்ததா ரப்பர், கூரை ஒழுகுகிறதா ரப்பர். நானும் அந்தப் புத்திக்காரிதானே. தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய், காய்ந்த ரப்பர் பட்டை கேட்டு வாங்கிவந்தேன். "பிள்ளைத்தாச்சியப் பார்க்கவா போறீங்க" என்று கேட்டுவிட்டு அவள் இரண்டாகக் கொடுத்தாள். இறுக்கிக் கட்டினோம். பம்பு நிதானத்துக்கு வந்தது. நான் ஒரு காரைப் பிழைக்க வைத்துவிட்டேன் என்ற கர்வத்தோடு உட்கார்ந்தேன்.

கர்வம் ஐந்து மைல் தாங்கியது. பத்து தீகா என்ற ஊரை நெருங்கும்போது, பன்னிரண்டாம் மைலில், பம்பு மறுபடி தலைதெறிக்க அடித்து கார் நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது. அடியில் பார்த்தால் புது ரப்பர் கொழகொழவென்று கூழாகியிருந்தது. பெட்ரோலில் ரப்பர் கரையும். அந்தக் கார் குடித்ததோ பெட்ரோல்கூட இல்லை, ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய். ரப்பர் எண்ணெய்க்கு ரப்பரால் அணை போட்டிருக்கிறோம், இரண்டு புத்திசாலிகள்.

மணி பன்னிரண்டு. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. இந்த மழையில், இந்தக் களைப்பில் எட்டு மைல் நடந்தால் அந்திக்குத்தான் போய்ச் சேரலாம், அதற்குள் அவளுக்கு வலி கண்டு ஒரு முழு நாள் ஆகியிருக்கும்.

மீரான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வெள்ளைக்காரன் காலத்துல இதுக்கு சவுக்காரம் வச்சு அடைப்போம் மிஸ்ஸி. சவுக்காரம் பெட்ரோல்ல கரையாது."

"இதை ஏழாம் மைல்ல சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"பையிலேருந்து வாசம் வந்துச்சு. அது எதுக்குன்னு தெரியும். எப்படிக் கேக்கறது?"

அவன் மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. காரை ஒட்டி மழைக்கு ஒதுங்கினாற்போல் உட்கார்ந்து, சவுக்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இதைக் கொடுத்தால் சரசுவிடம் போய்ச் சேருவேன், வெறும் கையோடு. கொடுக்காவிட்டால் கை கழுவச் சவுக்காரம் இருக்கும், சரசு இருக்கமாட்டாள். தொப்புள்கொடி வெட்டும் கத்தரியால் கட்டியை அறுத்தேன். முக்கால் பங்கு அவனுக்கு. எனக்கு மிஞ்சியது புளியங்கொட்டை அளவு.

அவன் அதைப் பிசைந்து, குழாயின் சேர்க்கையில் அப்பி, என் முந்தானையில் ஒரு கிழிசல் வாங்கிச் சுற்றிக் கட்டினான். சாவியைத் திருப்பினான். டக், டக், டக், டக். நாலு அடியோடு பம்பு நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பகல் ஒன்றரை. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தகரக்கூரை வரிசையில் மூன்றாவது வீடு. சரசுவுக்குக் கத்தக்கூடக் குரல் இல்லை. என் கை முழங்கை வரை எண்ணெயும் பிசினும். பக்கத்து வீட்டுப் பெண் சுடுதண்ணீர் ஊற்ற ஊற்ற, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தோல் எரியத் தேய்த்தேன். கடைசியில் அந்தப் புளியங்கொட்டைச் சவுக்காரத்தை நகக்கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். நுரைகூடச் சரியாக வரவில்லை. மூன்றே காலுக்கு ஆண் குழந்தை, அழுதுகொண்டே வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்றாம் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மணிக்கொரு தரம் அவள் நெற்றியைத் தொட்டேன். திங்கள் மாலை லேசாகச் சுட்ட மாதிரி இருந்தது. என் கைதான் சுட்டதோ, தெரியவில்லை. காய்ச்சல் வரப்போகிறவள் முதலில் சாப்பாட்டை ஒதுக்குவாள். சரசு அன்று கஞ்சியைத் தொடவில்லை. ராத்திரி முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க் காலை மீரான் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு இன்னும் இரண்டு பேர் நாள் நெருங்கிக் காத்திருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒரு தரம் நெற்றியைத் தொடக் குனிந்தேன். ஈரமாக, குளுமையாக இருந்தது. சரசு கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, பசிக்குது."

ஜப்பான்காரர்கள் வந்ததிலிருந்து, போன வீட்டிலெல்லாம் நான் காதைப் பொத்திக்கொள்ள நினைத்த வார்த்தை அதுதான். எத்தனையோ பிள்ளைகள் சொல்லி, கொடுக்க ஒன்றுமில்லாமல் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

வாசலுக்கு வந்து, "கிழங்கு வேகட்டும், மீரான். கொஞ்சம் பொறு" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.