முகவரியோடு ஒரு ஜெபம்

கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் போதகர் வாரம் தவறாமல் சொல்வார். என் ஓரகத்தி மட்டும் அதை முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. நம்பியிருந்தால் அவள் ஜெபம் அவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

"ஆண்டவரே, மூணாவது தெரு, பச்சை கேட்டு, உள்ள நுழைஞ்சதும் வலது பக்க வீடு. அங்க நம்ம டீச்சரம்மாவுக்கு முட்டி வலி. இடது முட்டி. மாடிப்படி ஏற முடியல. மருமக கீழ் ரூமை விட்டுக் குடுக்க மாட்டேங்குறா. அந்த மனசையும் நீர் தொடணும்."

டீச்சரம்மாவும் மருமகளும் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த ஞாயிறுக்குள் கீழ் அறை காலியாகிவிடும். ஜெபம் கேட்கப்பட்டது என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். கேட்டது கடவுளா, மருமகளா என்று நான் வாதம் பண்ணுவதில்லை.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியை. அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகுட்டி இல்லை. மாடியில் அவள், கீழே நாங்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். தெருமுனை திரும்புவதற்கு முன்பே ஹாரனை அழுத்துவாள். பல் தேய்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் வாயில் நுரையோடு ஓடி வரும். அதுகள் வைத்த பெயர் ஹாரன் ஆன்ட்டி. சபைக்கு வந்து அது ஹாரன் அக்கா ஆயிற்று. அவள் பாட்டுக் குரலைக் கேட்டவர்கள் யாரும் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்டதில்லை.

எந்தப் பிள்ளைக்கு எந்த வாசல், எந்த கேட்டில் நாய், எந்த வீட்டில் ஷூவைத் தேட நேரமாகும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பழக்கம்தான் ஜெபத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆண்டவரையும் வண்டியில் ஏற்றி வாசல் வாசலாக இறக்கிவிட்டால்தான் அவளுக்குத் திருப்தி.

கோடை விடுமுறையில் பஸ் ஷெட்டில் நிற்கும். அக்கா நிற்கமாட்டாள். அந்த வேகம் முழுவதும் சபையின் தலையில்தான் விடியும்.

எங்கள் சபைக்குத் தகரக் கூரை. கோடையில் உள்ளே உட்கார்ந்தால் நரகத்தைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவைப்படாது. அதனால் சாயங்கால ஜெபக் கூட்டத்தை வெளியே மரத்தடிக்கு மாற்றிவிடுவார்கள். அவரவர் நாற்காலியை அவரவர் தூக்கி வரவேண்டும். பாதிப் பேர் ஆண்டவரைத் தேடி வருவார்கள், மீதிப் பேர் காற்றைத் தேடி. ஆனால் அக்கா எழுந்து நின்றதும் எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு மூலம் இருப்பது சபைக்குத் தெரிந்ததும் அப்படித்தான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் ஆராதனையில் நின்றுகொண்டே இருந்தார். வெட்கத்தாலா வலியாலா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து ஜெபிக்காத ஒரே ஆள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறவர். மோட்டார் அண்ணன் என்போம். கோடையில் ஊர் முழுக்க மோட்டார் மக்கர் பண்ணும். எந்த நிமிஷமும் போன் வரும் என்று கடைசியில் உட்கார்ந்திருப்பார். போதகர் அவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க ஜெபிக்கலாமே" என்பார். அண்ணன் உடனே செருப்பைத் தேடுவார்.

எங்கள் கீபோர்டு வாசிக்கிற பெண் கோடைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்போது ஞாயிற்றுக்கிழமை பாட்டைத் தொடங்குவது அக்காதான். முன்சுவரில் ஒரு பலகை உண்டு. அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் எண்களை அதில் அட்டை அட்டையாகச் செருகி வைப்பார்கள். அக்கா அதைப் பார்ப்பாள், தொண்டையைச் செருமுவாள், எடுத்துவிடுவாள். நாங்கள் பின்னால் ஓடுவோம்.

இந்தக் கோடையில் புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி முதன்முதலாக ஆராதனைக்கு வந்தது. பலகையில் போட்டிருந்தது சந்தோஷமான பாட்டின் எண். அக்கா மூன்றை எட்டாகப் பார்த்து, கல்லறைக்குப் போகும்போது பாடுகிற பாட்டை எடுத்துவிட்டாள். அவள் எடுத்த பாட்டை நிறுத்த எங்களில் யாருக்குத் தைரியம்? கடைசிச் சரணம் வரைக்கும் பாடினோம். மணப்பெண் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரணம் பிரிக்கும்வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்று போதகர் எப்படியோ ஒப்பேற்றிப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

அடுத்த வாரமும் தப்பான பாட்டு. அதற்கடுத்த வாரமும். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் வீட்டில் அக்கா மாதிரி செருமி, பாட்டெடுத்து, நடித்தே காட்டினேன். என் வீட்டுக்காரர் மூலத்துக்குப் பழிவாங்கிய மாதிரி சிரித்தார்.

ஒருநாள் காலையில் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். அக்கா இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, தொட்டிக்கு சல்யூட்டா?"

அவள் கையை எடுக்கவில்லை. "அதுல கறுப்பா என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல. காக்கா உக்காந்திருக்கு."

"காக்காவா?" என்றாள். முகம் செத்துப்போயிற்று.

அப்புறம் துணிக்கொடியின் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வலது கண் குளியலறைக் கண்ணாடி மாதிரி புகைந்து போயிருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டுக் கண்புரை, ஆபரேஷன் பண்ணினால் சரியாகும் என்றிருக்கிறார். இவள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். பள்ளி திறக்கும் முன் டிரைவர்கள் எல்லாருக்கும் கண் சோதனை உண்டு. அதற்கும் அம்மாள் வழி வைத்திருந்தாள்.

"வருஷா வருஷம் அதே எழுத்து அட்டைதான் மாட்டுறாங்க. மனப்பாடம் பண்ணிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"அந்த ரூட்டு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்டி."

"கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க, யார் வேணாங்குறா? பஸ் ஓட்டக் கூடாது. பிள்ளைங்க உயிரு, அக்கா!"

அவள் துணிக்கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "டிரைவர் சீட்டை ஒருதடவை இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டா திரும்ப வருமா? அந்த வண்டி இல்லன்னா காலையில நான் எதுக்கு எந்திரிக்கணும், சொல்லு" என்றாள்.

இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவள் தனியாக இருக்கிறாள் என்று எனக்கு ஒருதரம்கூடத் தோன்றியதில்லை. அத்தனை சத்தம் போடுகிறவளைத் தனிமை எப்படி அண்டும் என்று நினைத்திருப்பேன். மனசு கஷ்டமாக இருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள். சொல்கிறது யார் பாருங்கள்! என் புருஷனுடைய மூலத்தை மைக் இல்லாமலே ஊருக்கு அறிவித்தவள்.

"நான் சொல்லமாட்டேன். ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லணும். இல்லன்னா நேரா ஸ்கூலுக்குப் போய் மேனேஜர்கிட்ட நானே சொல்லிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

அதிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தாள். நானும் சளைக்கவில்லை, சுவரைப் பார்த்தேன்.

அந்த வாரம் மரத்தடியில் வழக்கம்போல ஜெபிக்க எழுந்தாள். நாங்கள் வசதியாகச் சாய்ந்துகொண்டோம்.

"ஆண்டவரே, ஒரு சகோதரி. ஒரு கஷ்டம். உமக்கே தெரியும். ஆமென்."

அவ்வளவுதான். ஆமென் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தெரு இல்லை, கேட்டின் நிறம் இல்லை, இடதா வலதா என்று இல்லை. எல்லாரும் கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று டீச்சரம்மா என்னைக் கேட்டாள்.

அதற்கப்புறம் அந்த ஒரு சகோதரி யார் என்று சபைக்குத் தலை வெடித்தது. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று யாரோ கவனித்திருக்கிறார்கள். ஆகவே அது நான்தான் என்று முடிவு கட்டி, புதுசாகக் கல்யாணம் ஆன அந்தப் பெண் பழங்களோடு வந்து என் கையைப் பிடித்து அழுதாள். என்ன சொல்வது? என் கஷ்டம் இன்னதென்று தெரியாமலே பழத்தைச் சாப்பிட்டேன்.

பள்ளி திறக்க நாள் நெருங்கிவிட்டது. மரத்தடியில் அந்தக் கோடையின் கடைசிக் கூட்டம். அக்கா வாயைத் திறக்கிற மாதிரி இல்லை. மறுநாள் காலையில் மேனேஜரைப் பார்க்கப் போவது என்று நான் தீர்மானித்திருந்தேன். அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் அவள் என்னோடு பேசமாட்டாள் என்பதும் தெரியும்.

"யாராவது ஜெபிக்கலாம்" என்றார் போதகர்.

பின்னால் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மோட்டார் அண்ணன் நிற்கிறார். செருப்பைத்தான் தேடுகிறார் என்று நினைத்தோம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, வணக்கம்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"எனக்கு இது பழக்கமில்ல. ஆனா வீட்டை ஒழுங்கா சொன்னாதான் ரிப்பேர்காரன் சரியான இடத்துக்கு வருவான். அதனால சொல்றேன். பள்ளத்துத் தெரு, நீலக் கதவு, வெளிப்படி ஏறினா மாடி. அங்க ஹாரன் அக்கா இருக்காங்க. போன வாரம் அவங்க மோட்டாரைப் பிரிச்சப்ப ஒரு போல்ட்டைப் பிடிங்கன்னு நீட்டினேன். அவங்க பக்கத்துல இருந்த காத்தைப் பிடிச்சாங்க. பாட்டு நம்பரும் தப்பாவே வருது. நாங்க எல்லாரும் சிரிச்சோம், மன்னிச்சுக்கோங்க. அவங்களுக்கு இடது கண்ணுல ஏதோ கோளாறு போல..."

"வலது!"

அக்காதான். கண்ணைத் திறக்கக்கூட இல்லை. ஆண்டவர் அவ்வளவு தூரம் படியேறி வந்து தப்பான கண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் என்ன ஆவது? அந்தப் பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சரி, வலது கண்ணு" என்று அண்ணன் நிதானமாகத் திருத்திக்கொண்டார். "பார்த்து சரி பண்ணிக் குடுங்க. ஆமென்."

இந்தத் தடவை ஆமென் மரத்தையே உலுக்கியது. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தேன். அழுகைக்கு நடுவிலேயே எல்லாவற்றையும் சொன்னாள், மனப்பாடம் செய்த அட்டையையும் சேர்த்து. யாரும் திட்டவில்லை. "ஆபரேஷனுக்கு நானும் வர்றேன், கீழ் ரூம் கிடைச்சதுலேர்ந்து முட்டி பரவாயில்ல" என்றாள் டீச்சரம்மா. மருமகள் வேறு பக்கம் பார்த்தாள்.

நான் போக வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அக்காவே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கண் சரியானதும் புது சோதனை வைப்போம், சீட்டைப் பற்றி இப்போது எந்த உறுதியும் தர முடியாது என்றாராம். ஆனாலும் ஆபரேஷனுக்கு நாள் வாங்கி வந்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டோடு வெளியே கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் ஒரு தூண் பக்கமாக நின்றிருந்தேன். வேறு சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

பள்ளி திறந்தது. வேறு ஒருவர் பஸ்ஸை எடுத்து வந்தார். அக்கா கறுப்புக் கண்ணாடியோடு மாடிப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது ஹாரனா, கொசுவா?" என்பாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே போவேன். கடைசியில் டாக்டர் சரி என்றார். பள்ளியில் சோதனை வைத்தார்கள். அட்டையை மாற்றிவிட்டிருந்தார்கள். அம்மாள் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, அட்டையை அச்சடித்த கம்பெனியின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டு வந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கீபோர்டுப் பெண் திரும்பி வந்திருந்தும், முதல் பாட்டை அக்காவையே எடுக்கச் சொன்னார்கள். பலகையைப் பார்த்தாள், செருமினாள், சரியான பாட்டை எடுத்தாள். நாங்கள்தான் பாதிப் பேர், எதற்கும் இருக்கட்டும் என்று கல்லறைப் பாட்டில் விரலை வைத்திருந்தோம்.

பிறகு நன்றி ஜெபம். வண்டி பழையபடி கிளம்பிற்று. மோட்டார் கடை, அதற்கு எதிர்ச் சந்து, அண்ணனுடைய தோள்பட்டை வலி. மூணாவது தெரு, பச்சை கேட்டு. மேனேஜர் வீடு, அங்கே நாய் இருக்கிறது என்ற எச்சரிக்கையோடு. அப்புறம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

"பள்ளத்துத் தெரு, அதே நீலக் கதவு, கீழ் வீடு. என் ஓரகத்தி. வாய் ஜாஸ்தி. நான் பாடுற மாதிரி வீட்டுல நடிச்சுக் காட்டுவா, மாடிக்குக் கேக்கும். ஆபரேஷன் அன்னைக்குத் தூணுக்குப் பின்னால நின்னு உம்மகிட்ட அழுதா, ஆண்டவரே. இவங்க இல்லன்னா எனக்கு யாரு இருக்கான்னு அழுதா. யாருக்கும் கேக்கலன்னு நினைச்சுக்கிட்டா. எனக்குக் கண்ணைத்தான் கட்டியிருந்தாங்க, காதை இல்ல. என்னைக் கிண்டல் பண்றவ, ஆண்டவரே, அவளும் முகவரி சொன்னா. 'ரெண்டாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் ரூம், வலது கண்ணு'ன்னு ரெண்டு தடவை சொன்னா."

"அக்கா, போதும்" என்றேன், கண்ணைத் திறக்காமலே.

"ஜெபத்துல குறுக்க பேசாதே" என்றாள் அவள்.