விளக்கேற்ற ஆள் தேடிய அடிமை ஒழிப்பு நாள்

பூரணம் எங்கள் பிரதேச சபையில் இருபத்திரண்டு வருடமாகத் தேநீர் போடுகிறவர். சேர்ந்த புதிதில் உறுப்பினர்கள் பாதிப்பேருக்கு அவருடைய தேநீரைக் கண்டதும் ‘காஸ்ட்ரிக்’ வந்துவிடும். சாதியும் ஒரு வயிற்று வருத்தம்தான் என்று சொல்லி, மிஞ்சிய கோப்பைகளைத் தானே குடித்து முடிப்பார்.

போன வருடம், டிசம்பர் இரண்டாம் திகதியை அடிமை ஒழிப்பு நாளாகச் சபை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது. தவிசாளர் வாகீசன் அதோடு விட்டிருக்கலாம். அடிமைகளின் வழிவந்த ஒருவரும் அடிமை வைத்திருந்தவர்களின் வழிவந்த ஒருவரும் சேர்ந்து விளக்கேற்றுவார்கள் என்று அழைப்பிதழிலும் அடித்துவிட்டார்.

ஒரு மாதம் தேடினார்கள். ஊரில் ஒருவரும் அடிமையாக இருந்ததில்லை. ஒருவரும் அடிமை வைத்திருந்ததுமில்லை. “எங்கடை ஆக்கள் பரம்பரை ஏழையள்” என்றார் ஒருவர், நாற்பது பரப்பு நிலத்துக்குள் நின்றுகொண்டு.

கடைசியில் தவிசாளர் தேநீர்க் குசினிக்கு வந்தார்.

“பூரணமக்கா, நீங்கள் ஒருக்கா விளக்கு…”

“ஓம், ஏத்துறன். என்ரை பூட்டியின்ரை தாய் அடிமைதான். எனக்கென்ன வெக்கம்? வாங்கி வித்தவை எல்லோ வெக்கப்படோணும். அவையிலை ஒராளைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ.”

பிடிக்கத் தேவையிருக்கவில்லை. இளைப்பாறிய தபாலதிபர் அருளம்பலம் தானாகவே வந்தார். மேடை என்றால் அவருக்கு உயிர்.

“என்னட்டை எங்கடை பரம்பரைக் காணி உறுதி கிடக்கு தம்பி. இதுவரைக்கும் ஒருத்தரும் வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.”

விழாவன்று வேட்டி சால்வையோடு மேடையேறி, கோயில் திருப்பணிக் கணக்கு வாசிப்பதுபோல் உரத்து வாசித்தார்.

“கிணறு ஒன்று. பனை பதினெட்டு. பசு ஒன்று. வள்ளி என்னும் பெண் ஒன்று…”

அங்கே நிறுத்திப் பூரணத்தைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் தனியே பலமுறை வாசித்த உறுதிதான். பூரணம் பக்கத்தில் நிற்க வாசித்தது அதுவே முதல் தடவை.

பூரணம் உறுதியை எட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லை ஐயா. பசுவுக்குப் பேர் போடேல்லை. வள்ளிக்கெண்டாலும் போட்டிருக்கினம்.”

சிரிக்கலாமா என்று சனம் யோசித்தது. அருளம்பலம்தான் முதலில் சிரித்தார். சிரித்தபடியே சால்வையால் கண்ணைத் துடைத்தார். மின்விசிறிக் காற்றில் ஐந்து நெருப்புக்குச்சி அணைந்தது. ஆறாவதை அவர் பிடிக்க, பூரணம் கைகளால் பொத்திக் காத்தார்.

அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. இந்த வருடம் விளக்கேற்ற ஒன்பது பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் அடிமைகளின் வழிவந்தவர்களாம்.

“அப்ப வாங்கி வித்தவை எல்லாரும் பிள்ளை பெறாமலே செத்துப்போச்சினமோ?” என்று கேட்டார் பூரணம்.