எதற்கும் ஓம் சொன்ன தவராசா அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கைபேசியைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தபோது தவராசா அண்ணனின் மகள் அழைத்தார். "அப்பா நித்திரையிலயே போயிட்டார், மாமா" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போவதற்கு இந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

நானாட்டான் கடைத்தெருவில் அவருடைய அச்சகமும் என்னுடைய கைபேசி திருத்தும் கடையும் பக்கத்துப் பக்கத்தில். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டு எல்லாம் அவரிடம்தான் அச்சாகும். யார் எதைக் கேட்டாலும் மறுக்காமல் "ஓம்" என்பார். கணினியிடமும் அதே பழக்கம். திரையில் என்ன கேள்வி வந்தாலும் வாசிக்காமலே ஓம் என்று அழுத்திவிடுவார். கணினி உங்களிடம் சோறா கேட்கிறது என்று நான் எரிந்து விழுவேன். மரியாதையாகக் கேட்கிறதே என்பார்.

போன மாரியில், இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றவா என்று கணினி கேட்க, அண்ணன் ஓம் என்றார். பாதியில் நின்றது. பழைய பதிப்புக்குத் திரும்புகிறேன் என்றது, திரும்பவில்லை. மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. உள்ளேதான் உயிலங்குளத்து ராக்கம்மாவின் இறந்துபோன கணவருடைய படம் இருந்தது. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய கூலிக் குடும்பம். அந்த மனிதருக்கு வேறு படமே கிடையாது, படம் எடுத்த கைபேசியும் வெள்ளத்தோடு போய்விட்டது. கல்வெட்டு மறுநாளே வேண்டும்.

பிரின்டரைக் கழற்றினேன். பென்டிரைவ் போட்டுத் தொடங்கிப் பார்த்தேன். ராக்கம்மா கதிரையில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனோ பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்து, முடிந்ததா முடிந்ததா என்று என் உயிரை வாங்கினார். கடைசியில் பார்த்தால் கணினியில் இடமே இல்லை. இத்தனை வருடமாக அவர் அச்சடித்த இறந்தவர்களின் படங்கள் ஒன்றுவிடாமல் அடைந்து கிடந்தன. ராக்கம்மாவின் கணவரும் அதற்குள் இருந்தார்.

பழையவற்றை அழித்தால்தான் கணினி எழும்பும் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இல்லைத் தம்பி. நாளைக்கு இந்தப் பிள்ளையைப்போல ஆரும் வந்து கேட்டா, நான் இல்லையெண்டு சொல்லோணுமே?"

அவர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். திட்டிக்கொண்டே மன்னாருக்கு பஸ் ஏறி, கணினிக்கு வெளியில் பூட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, எல்லாப் படங்களையும் அதற்கு மாற்றினேன். கணினி எழும்பியது. மறுநாள் ராக்கம்மா கல்வெட்டின் முதல் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அண்ணன் இன்னொரு அப்டேட்டுக்கு ஓம் என்று அழுத்திவிட்டார்.

அண்ணனின் கல்வெட்டையும் இப்போது நான்தான் செய்யவேண்டியிருக்கிறது. மகள் தந்த படத்தை இன்று அந்த டிஸ்க்கில் ஏற்றப் போனேன். அதுவும் நிறைந்துவிட்டது. பழைய படங்களை அழிக்கவா என்று கணினி கேட்டது.

இல்லை என்று அழுத்தினேன். இன்னொரு டிஸ்க் வாங்க மன்னார் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய்வாருங்கோ, அண்ணை.