கிளட்ச்சைத் தேடிய கால்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். அதன் பிறகு எட்டு வருடம் ஒரு காகிதக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் விற்றார். காரணம் நான்தான். ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தேன். பக்கவாதம் என்றார்கள். அன்றிலிருந்து இடது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. வாரத்தில் நாலு நாள் நெடுஞ்சாலையில் கிடப்பவரால் பெண்டாட்டியைத் தூக்கி உட்கார வைக்க முடியுமா? முதலாளியிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

தினமும் மதியம் கடையிலிருந்து ஓடி வந்து என் காலை மடக்கி நீட்டுவார். "வா ராஜாத்தி, வா. இன்னும் கொஞ்சம்" என்பார். என்னிடம் இல்லை, காலிடம். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த கொஞ்சலையெல்லாம் கூட்டினாலும் அந்தக் காலுக்குக் கிடைத்ததில் பாதி வராது. எழுந்து நிற்க இரண்டு வருடம் ஆனது. இப்போது கைத்தடி பிடித்து நடக்கிறேன், சமைக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன், சண்டையும் குறைவில்லாமல் போடுகிறேன்.

ஆனால் அவர்தான் தேய்ந்து போனார். தெருவில் லாரி சத்தம் கேட்டால் போதும், சாப்பிடுகிற கை நின்றுவிடும். "மூணாவது கியர்லயே இழுக்கறான் பாவி, நாலுக்கு மாத்துடா" என்று தட்டைப் பார்த்து முனகுவார்.

"திரும்ப வண்டிக்குப் போங்க" என்றேன் ஒரு நாள்.

"உன்னை யாரு பாத்துக்கறது?"

"எட்டு வருஷமா என்னைத்தானே பாத்தீங்க. கொஞ்சம் ரோட்டையும் பாத்துட்டு வாங்க."

ஒரு சரக்குக் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயது முடிந்தவரைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்களாம். இவருக்கு அடுத்த மாதம் ஐம்பத்தெட்டு முடிகிறது. அடித்துப் பிடித்துக்கொண்டு டெஸ்டுக்குப் போனார்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தார். புது லாரியில் கிளட்ச் இல்லை, கியர் தானாக மாறிக்கொள்ளும். அது இவர் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. முதல் சிக்னலில் இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போயிருக்கிறது. கிடைத்தது பிரேக். பழைய லாரியின் கிளட்ச்சை மிதிக்கிற பலத்தோடு ஒரே மிதி. வண்டி ஆணி அடித்தது போல நிற்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரின் காபி முழுதும் அவருடைய வெள்ளைச் சட்டையில். அடுத்த சிக்னலிலும் அதே கதை. அதற்கடுத்ததில் கொட்டுவதற்குக் காபி மிச்சமில்லை.

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், திட்டவில்லை. "ஒண்ணும் தெரியாதவன்னா கத்துக் குடுத்துடலாம். உங்க காலுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, அதான் பிரச்சினை. பத்து நாள் கழிச்சு வாங்க. அதான் கடைசி" என்றாராம்.

வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "ஆடின காலு, சும்மா இருக்குமா? விடு, காகிதக் கடையே போதும்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஏற்கெனவே என் கால் இவரை ஒரு முறை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டது. இப்போது இவர் காலே வைக்கப் போகிறதா? விடமாட்டேன் என்று எழுந்தேன்.

சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, பெரிய பாத்திர மூடியைக் கையில் கொடுத்தேன். அது ஸ்டியரிங். தரையில் இரண்டு செருப்பு, ஒன்று பிரேக், ஒன்று ஆக்சிலேட்டர். இரண்டுமே வலது காலுக்கு. எதிரே நான், கையில் தடியோடு.

"சிக்னல்!" என்பேன். இடது கால் எழும்பும். முட்டியில் ஒரு தட்டு.

"பஸ்!" எழும்பும். தட்டு.

"நாய் குறுக்க வருது!"

"அம்மாடி, மெதுவா அடி!"

"என் காலை நீங்க இழுத்தப்ப நான் கத்தலையா? இப்ப நீங்க கத்துங்க."

பிறகு குனிந்து அந்தக் காலிடமே பேசினேன். "இருடா ராஜா. அங்கேயே இரு."

கீழ்வீட்டுக்காரி மேலே வந்து எட்டிப் பார்த்தாள். பாத்திர மூடியோடு அவர், தடியோடு நான். வந்த வேகத்திலேயே இறங்கிப் போனாள். ஊரெல்லாம் என்ன சொல்லியிருப்பாளோ, சொல்லட்டும்.

முதல் நாள் ஐம்பதுக்கு நாற்பது தடவை எழும்பிய கால் எட்டாம் நாள் ஐந்தாறு தடவைதான் எழும்பியது. பத்தாம் நாள் காலை, அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று "பஸ்!" என்று கத்தினேன். தண்ணீர் புரையேறியது. இடது கால் அசையவில்லை.

டெஸ்டுக்கு நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எனக்கு அதில் பழக்கம் உண்டு. கம்பெனி லாரிகள் நிற்கிற யார்டு வாசல் பக்கத்தில் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு வண்டி ஏறினார். நாற்பது நிமிடம் கழித்து லாரி உள்ளே வந்தது. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்துச் சரக்கு மேடையில் ஒட்டி நிறுத்தினார். சூப்பர்வைசர் இறங்கினார். நான் முதலில் பார்த்தது அவர் சட்டையைத்தான். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"ஸ்கூல் பஸ் ஒண்ணு திடீர்னு குறுக்க வந்துச்சும்மா. கப்புல காபி தளும்பக்கூட இல்ல" என்றார். "ஆனா வழி முழுக்க 'இருடா ராஜா'ன்னு யாருகிட்டயோ பேசிட்டே வந்தாரு."

சிரித்தவர், என் தடியைப் பார்த்ததும் நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணுதான். நடுவுல எட்டு வருஷம் விட்டிருக்காரு. மறுபடியும் வீட்ல ஏதாவதுன்னா? பாதி வழியில லோடு நின்னுடக் கூடாது பாருங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை. இவர் முகம்தான் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி விட்டால் "சரிங்க சார், பரவாயில்ல" என்று கிளம்பிவிடுவார். முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா?

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று தடியை சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டு லாரியிடம் போனேன்.

மூன்று இரும்புப் படிகள். முதல் படியே முட்டி உயரம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து வலது காலை வைத்தேன், இடது காலை இழுத்துக்கொண்டேன். இரண்டாவது படியும் அப்படியே. மூன்றாவதில் இடது கால் விளிம்பில் இடித்து நழுவியது. இவர் ஓடி வந்தார்.

"அங்கேயே இருங்க" என்றேன்.

நின்றார். காலை மறுபடி தூக்கி வைத்தேன். ஏறி சீட்டில் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. கீழே என் தடியைப் பிடித்தபடி சூப்பர்வைசர் நின்றார்.

"போதும்மா, பாத்து இறங்குங்க" என்றார்.

"இறங்கறதையும் நான் பாத்துக்கறேன். இவருக்கு லோடு எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

"திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு."

ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது மற்றதை. கம்பியைப் பிடித்துத் திரும்பி, இடது காலை மெல்லக் கீழே விட்டேன். படி எங்கே என்று அது தேடியது. பின்னால் நின்றவர் கை நீட்டவில்லை.

"வா ராஜாத்தி, வா" என்று மட்டும் சொன்னார்.