இளவரசியின் இடது கை

நம்பாவிட்டால் போங்கள். முப்பது வருடமாக மண்ணைத் தோண்டி, எலும்பைப் படித்து, ஆர்மேனிய வரலாற்றை எழுதிப் பேர் வாங்கியவன் நான். பேய் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பவனும் நான்தான். ஆனால் அரகாத்ஸ் மலைச்சரிவில் அந்த இரவு நடந்தது உண்மை. பயம் போய்விட்டது. வெட்கம்தான் இன்னும் என்னைத் தின்கிறது.

இடிந்த சிற்றாலயத்தின் பக்கத்தில் ஒரு கல்லறை. மூடுகல்லில், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் இளவரசியின் பெயர். உள்ளே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. இடது கை மார்போடு வளைந்திருந்தது. வேதப் புத்தகத்தை அணைத்தபடி புதைக்கப்பட்ட இளவரசி, புத்தகம் மட்கிப்போயிருக்கும் என்று அன்றே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைநகர் எரெவானில் எனக்குப் பாராட்டு விழா.

அந்தக் கைக்குள் சில சின்ன எலும்புகளும் கிடந்தன. நேர்ச்சைக்கு வெட்டிய ஆட்டுக்குட்டியுடையது என்று கழிவு மண்ணோடு கொட்டினேன். ஒன்றை மட்டும் காவல் நாய்க்கு வீசினேன். கவ்விக்கொண்டு சரிவில் ஓடிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் எலும்பு ஆய்வாளர் சாதெனிக் வந்தாள். கல்லூரிக் காலத்திலிருந்தே என் தோழி. நான் மண்ணில் கொட்டியதைக் கேட்டதும், கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"எங்கிட்ட காட்டிட்டுக் கொட்டியிருக்கலாம்ல?"

"ஆட்டெலும்பு தெரியாதா எனக்கு?"

"தட்டுல வந்தா தெரியும். உனக்கு விழா அவசரம், மெலிக்."

எனக்குச் சுருக்கென்றது. எலும்புக்கூட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்த முகாம் அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மணி 2.10.

சரக்... சரக்... சரக்...

சல்லடைச் சத்தம். வீம்புக்கு இந்த நேரத்தில் மண் சலிக்கிறாளே என்று எரிச்சலோடு வெளியே போனேன். கழிவு மண்மேட்டருகே குனிந்த முதுகு. தலையில் முக்காடு. நாய் குரைக்கவில்லை. வண்டிக்கு அடியில் சுருண்டு நடுங்கியது...

"சாதெனிக், போய்ப் படு. ஆட்டெலும்புக்கு இந்தப் பாடா?"

சரக்... நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். வலது கையால் மட்டுமே சலித்திருக்கிறாள். இடது கை... மார்போடு வளைந்திருந்தது.

"எம் புள்ளைய எங்கய்யா கொட்டுன?"

எல்லைக்கு அப்பால் இருக்கும் மூஷ் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. எங்கள் தாத்தாக்களோடு செத்துப்போன பேச்சு.

"யார்கிட்ட பேசுற?"

இது பின்னாலிருந்து...

வாசலில் விளக்கோடு சாதெனிக்.

மறுபடி மண்மேட்டுப் பக்கம் திரும்பினேன்.

யாரும் இல்லை.

காலையில் பார்த்தால், மேடு முழுக்கச் சலித்திருந்தது. அறையைத் திறந்தோம். வளைந்த கைக்குள் அந்தச் சின்ன எலும்புகள். விலா, கை, கால் என்று அதனதன் இடத்தில்.

"நீ வெச்சதுதானே?" என்றேன்.

"சாவி உங்கிட்டதானே இருந்துச்சு?"

அவற்றையும் பெண்ணின் எலும்புகளையும் சோதனைக்கு எடுத்துப் போனாள். நான் விழாவுக்குப் போனேன். மேடையேறி, வேதப் புத்தகம் என்றே பேசினேன். கைதட்டல் கேட்கக் கேட்க உடம்பு கூசியது.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. அந்தப் பெண் செத்து நூறு வருடம்தான் ஆகிறது. ஆர்மேனியர்களைக் கொன்று குவித்த காலத்தில் மூஷிலிருந்து தப்பி வந்த அகதிகளில் ஒருத்தியாக இருக்கலாம். உறைந்த மண்ணைத் தோண்ட முடியாமல் யாரோ இளவரசியின் பழைய கல்லறையைத் திறந்து அவளைக் கிடத்தியிருக்கிறார்கள். கைக்குள் இருந்தது, பிறந்து சில நாளே ஆன குழந்தை.

சாதெனிக் போனில் கேட்டாள்.

"ஒரு எலும்புகூடக் குறையல, மெலிக். ஆனா ஒண்ணுல மட்டும் நாய்ப் பல் பட்டிருக்கே... எப்படி?"

போனை வைத்துவிட்டேன்.